பனியன் ஊரின் இரண்டு கணக்குகள்

திருப்பூரில் பத்துத் தையல் மெஷின்களோடு பனியன் கம்பெனி நடத்துகிறவரிடம், கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று கேட்டால், "டாலி இருக்கிறதே" என்று சற்றுப் பெருமிதத்தோடேயே பதில் வரும். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபின் அதுவுமில்லாமல் ஆடிட்டர் முன்னால் போய் நிற்பது சிரமம்தான். ஆனால் அவர் டாலியில் ஏற்றுவது பெரும்பாலும் பணக்கணக்கு. சாயப்பட்டறைக்குப் போன துணி எத்தனை கிலோவாகத் திரும்பிற்று, அதில் எத்தனை பீஸ் வெட்டினார்கள், செக்கிங்கில் எத்தனை கழிந்தன என்னும் சரக்குக் கணக்கோ, கட்டிங் மாஸ்டரின் நோட்டிலும் சலான் கட்டுகளிலும் முதலாளியின் ஞாபகத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறது.

இவ்விரண்டையும் பிணைத்து வைப்பதற்கென்றே இ.ஆர்.பி. என்னும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் பெரிய ஆலைகளுக்கு மாத்திரமே கட்டுப்படியான அவை இன்று சிறுதொழில்காரர் கைக்கு எட்டியதில், மூலநிரலை எவரும் எடுத்தாளலாம் என்று திறந்து வைத்தவர்களுக்குப் பெரும் பங்குண்டு. தம் குடும்பத்து மரச்சாமான் வியாபாரத்தில் இத்தகைய மென்பொருளோடு பட்ட அவஸ்தையிலிருந்து மும்பையின் ரூஷப் மேத்தா உருவாக்கிய இ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஒன்று, பெல்ஜியத்தில் 2005-இல் டைனி இ.ஆர்.பி. என்ற பெயரில் பிறந்த ஓடூ மற்றொன்று. பிந்தியதில் முழுமையான கணக்குப் பகுதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

லைசென்ஸ் கட்டணம் இல்லை என்றதும் மகிழ்கிறவர்கள், சர்வர் வாடகையையும் நிறுவித் தருபவரின் கூலியையும் பிற்பாடு கண்டு திகைப்பதுண்டு. எனினும் என் அபிப்பிராயத்தில் பணம் பெரிய தடையன்று. மூன்று பில்களை அருகருகே வைத்துப் பாருங்கள்: ஒரே துணி ஒன்றில் '30 சிங்கிள் ஜெர்சி' என்றும், இன்னொன்றில் 'எஸ்.ஜே. 30' என்றும், மூன்றாவதில் வெறும் 'வெள்ளைத் துணி' என்றும் எழுதப்பட்டிருக்கும். முதலாளிக்கு மூன்றும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு மூன்றும் மூன்று சரக்கு. சாயமேறித் திரும்பும் துணி அனுப்பிய எடைக்குச் சரியாக வருவதில்லை. கிலோவில் வந்ததோ கட்டிங் மேஜையைத் தாண்டியதும் பீஸாகிவிடுகிறது. கிலோவுக்கு எத்தனை பீஸ், சாயத்தில் எத்தனை சதவீதம் கழிவு என்று மென்பொருள் ஆரம்பத்திலேயே கேட்கும். துணியைத் தொட்டுப் பார்த்தே அதைச் சொல்லிவிடக்கூடிய மனிதர், அந்த எண்ணை ஒருநாளும் காகிதத்தில் எழுதி வைத்தவரல்லர்.

எழுதாததற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. கழிவு எங்கே, எவ்வளவு என்பது திரையில் ஏறினால் பங்காளிக்கும் குமாஸ்தாவுக்கும் தெரிந்துவிடும். பில் இல்லாத கொடுக்கல் வாங்கலுக்கும் அங்கே இடமிராது. இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்க்கும் நிரலை இன்னும் எவரும் எழுதவில்லை.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முற்படாமல், ஜாப் ஒர்க் சலானிலிருந்து தொடங்குவதே உசிதம். நிட்டிங், சாயம், பிரிண்டிங் என்று சரக்குப் போகும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு கிடங்காகப் பதிந்துகொண்டால், யாரிடம் எத்தனை கிலோ தங்கியிருக்கிறது என்பது உடனே தெரியும். அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள்ளோ நீட்டிப்பு பெற்ற காலத்துக்குள்ளோ திரும்பாவிடில், அனுப்பிய நாளிலேயே கைமாறியதாகக் கருதி ஜி.எஸ்.டி. சட்டம் வரி கேட்குமாதலால், இந்த ஒரு பதிவே போட்ட செலவை மீட்டுத் தரக்கூடும். மார்ச் 31-இல் எப்படியும் சரக்கை எண்ணத்தான் வேண்டும்; அந்த எண்ணிக்கையையே தொடக்க இருப்பாக வைத்து ஏப்ரலில் ஆரம்பித்து, சில மாதங்களுக்குப் பழைய நோட்டையும் கட்டிங் மாஸ்டரிடமே விட்டுவைக்கலாம்.