கத்திக்கு முன் கால்

பழவேற்காட்டு ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆனாலும் பல இடங்களில் நட்டநடுவே இறங்கி நின்றால்கூடத் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அதனால் பசியாவரம் போன்ற நீர் சூழ்ந்த மீனவர் ஊர்களில், மோட்டார் வந்த பிறகும், நீண்ட கழிக்கு வேலை இருக்கிறது. படகின் ஓரத்தில் நின்று, கழியைச் சேற்றில் ஊன்றி, உடம்பின் எடையை அதன்மேல் சாய்த்துத் தள்ளினால் படகு நகரும். தள்ளுகிற ஆள் மட்டும் தண்ணீரில் விழுவதில்லை.

ஏன் விழுவதில்லை? நம் உடம்பின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாகக் கணக்குப் போடலாம். அதற்கு ஈர்ப்பு மையம் என்று பெயர். நிமிர்ந்து நிற்கும்போது அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து நேர்கீழே ஒரு நூல் தொங்கவிட்டால், அது இரண்டு பாதங்களும் வளைத்துப் பிடித்திருக்கும் இடத்துக்குள் விழவேண்டும். வெளியே போனால் ஆள் காலி. கழி ஊன்றுகிறவர் முழங்காலைத் தளர்த்தி, ஒரு காலை முன்வைத்து, எடையைப் பின்காலுக்கும் முன்காலுக்கும் மாற்றி மாற்றி அந்த நூலை உள்ளேயே வைத்திருக்கிறார். யாரும் அவருக்கு இயற்பியல் நடத்தவில்லை.

சிலம்ப ஆசான்கள் புதிதாக வரும் பையனுக்கு முதலில் கற்றுத்தருவதும் இதைத்தான். அதற்குக் காலடி என்று பெயர். கம்பைச் சுழற்றும் கனவோடு வந்தவனை, வெறுங்கையோடு முன்னே, பின்னே, குறுக்கே என்று நாள்கணக்கில் நடக்கவிடுவார்கள். பையனுக்கு எரிச்சல் வரும். ஆனால் எதிரே ஒருவன் கத்தியோடு நின்றால் உயிரைக் காப்பது கையா காலா என்ற கேள்விக்கு மனோதத்துவ ஆய்வுக்கூடமும் போலீஸ் பயிற்சிக்களமும் தந்திருக்கும் பதிலைப் பார்த்தால், ஆசான் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

முதலில் ஒரு பந்தயம். ஒரு 500 ரூபாய் நோட்டை எடுத்து நெட்டுக்குத்தாகத் தொங்கவிடுங்கள். அதன் நீளம் 15 சென்டிமீட்டர். நண்பரின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நோட்டின் நடுப்பகுதியின் இருபுறமும், தொடாமல், தயாராக இருக்கட்டும். "விடும்போது பிடித்தால் நோட்டு உனக்கு" என்று சொல்லிவிட்டு, முன்னறிவிப்பில்லாமல் விடுங்கள். நோட்டு பெரும்பாலும் உங்களிடமே இருக்கும். பாதி நோட்டு, அதாவது ஏழரை சென்டிமீட்டர், விரலைக் கடந்து விழ எடுக்கும் நேரம் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரலுக்கு உத்தரவு போய்ச் சேர ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தேவை. இதை எதிர்வினை நேரம் என்கிறார்கள். நண்பர் சோம்பேறி அல்ல. நரம்பின் வேகமே அவ்வளவுதான்.

இப்போது நோட்டுக்குப் பதில் ஒரு கை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்பவரின் கை உங்களைத் தொட அரை மீட்டர் கடந்தால் போதும். நொடிக்கு ஐந்து மீட்டர் வேகம் என்று வைத்தாலும் அது பத்தில் ஒரு நொடி. நீங்கள் பார்த்து முடிப்பதற்குள் அது வந்துவிட்டது. சினிமாவில் கதாநாயகன் பாய்ந்து வரும் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறான் என்றால், வில்லன் சம்பளம் வாங்கிக்கொண்டு மெதுவாக வருகிறான் என்று அர்த்தம். எம்.ஜி.ஆர். உண்மையிலேயே சிலம்பம் கற்றவர். அவருக்கும் திரையில் எதிராளி காத்திருக்கத்தான் செய்தான்.

கையின் வேகத்தோடு போட்டியிட முடியாது என்றால் மிச்சம் இருப்பது தூரம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் டுல்லர் 1983இல் இதை அளந்து எழுதினார். உறையில் இருக்கும் துப்பாக்கியை உருவிச் சுட ஒரு போலீஸ்காரருக்கு ஒன்றரை நொடி ஆகிறது. அந்த ஒன்றரை நொடியில் கத்தியோடு ஓடிவரும் ஒருவர் எவ்வளவு தூரத்தைக் கடப்பார்? ஏறத்தாழ 21 அடி. நம் ஊர்க் கணக்கில், வரிசையாக நிறுத்திய இரண்டரை ஆட்டோவின் நீளம். துப்பாக்கி வைத்திருப்பவருக்கே இந்தக் கதி என்றால் வெறுங்கைக்காரர் என்ன செய்வது? தூரத்தைக் கூட்டவேண்டும், இல்லாவிட்டால் இடையில் ஏதாவது ஒரு பொருளை நிறுத்தவேண்டும். நாற்காலி, சைக்கிள், கரையேற்றிய படகு, எதுவும் ஆகும். தற்காப்பு கற்றுத்தரும் நல்ல வாத்தியார் எவரும் முதல் பாடமாக "ஓடு" என்றுதான் சொல்வார்.

சிலம்பக் கம்பை இந்தக் கண்ணோடு பார்த்தால் அது அடிக்கும் கருவி என்பதைவிடத் தூரத்தை உண்டாக்கும் கருவி. ஆளின் நெற்றி உயரத்துக்கு வெட்டிய கம்பு ஏறக்குறைய ஐந்தரை அடி. பிடித்த கையிலிருந்து முனை 80 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் முனை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கட்டு சும்மா அசைகிறது, முனையோ ஊருக்குள் போகும் மோட்டார் சைக்கிளின் வேகத்தில் வட்டமடிக்கிறது. அந்த வட்டத்துக்குள் காலை வைக்க யாருக்கும் மனம் வராது. ஒரு சாண் கத்தியோடு வருகிறவன் வட்டத்துக்கு வெளியே நின்று யோசிக்கவேண்டும். அவன் யோசிக்கிற ஒவ்வொரு நொடியும் உங்களுக்கு லாபம்.

கம்புக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி தென்பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. வாளும் ஈட்டியும் வளரியும் போயின. மூங்கிலையும் பிரம்பையும் யார் பறிமுதல் செய்வது? மாடு மேய்க்கிறவன் கையிலும் கம்புதான்.

கம்பும் இல்லாதபோது? சிலம்பத்தின் கூடப்பிறந்தவை அதற்காகவே இருக்கின்றன. வெறுங்கைக்குக் குத்துவரிசை, குமரிப் பக்கத்தில் அடிமுறை. 2020இல் வந்த 'பட்டாஸ்' படத்தால் பலருக்கு அந்தப் பெயர் தெரியும். குறுகிய தூரத்துக்கு மான்கொம்பு. இரண்டு கொம்புகளின் அடிப்பாகங்களை எதிரெதிராகச் சேர்த்து, நடுவில் பிடித்து, கூர்முனை இரண்டு பக்கமும் நீண்டிருக்கும்படி செய்த ஆயுதம். தடுக்கும் அசைவும் தாக்கும் அசைவும் அதில் ஒன்றே. தடுத்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் நேரம் அங்கே மிச்சமாகிறது. இந்தக் கொம்புக்குச் சொந்தக்காரனான வெளிமானுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்துவிட்டதால் இப்போது மாணவர்கள் இரும்பில் செய்த கொம்போடு பழகுகிறார்கள். மானுக்கு நல்லது.

கத்தியை எதிர்கொள்ளப் பழகுவதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. உண்மைக் கத்தியோடு பழகினால் ஆபத்து. பொம்மைக் கத்தியோடு பழகினால் பொய்த் தைரியம் வரும். ரப்பர் கத்தி முழங்கையில் உரசிப்போனது எவருக்கும் நினைவிருக்காது. "நான் தடுத்துவிட்டேன்" என்று இருவருமே சொல்வார்கள். இதற்கு இன்றைய தற்காப்புப் பயிற்சிகளில் ஒரு மலிவான தீர்வு வைத்திருக்கிறார்கள். வெள்ளை பனியன் ஒன்று, தடித்த மார்க்கர் பேனா ஒன்று. பேனாதான் கத்தி. அரை நிமிடம் பழகிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் பனியன் முழுக்கக் கோடு. தேர்ந்தவர் பனியனிலும் கோடு இருக்கும், கொஞ்சம் குறைவாக. கர்வத்துக்கு இவ்வளவு சிக்கனமான மருந்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நம்மவர்களுக்கு இது புதிதில்லை. சிலம்பப் போட்டிகளில் தொட்டதா தொடவில்லையா என்ற தகராறைத் தீர்க்கக் கம்பு முனையில் சாம்பலோ வண்ணப்பொடியோ பூசுவார்கள். உடம்பில் பட்ட இடத்தில் அடையாளம் விழும். அடிபட்டவன் மறுக்கமுடியாது, அடித்தவன் கூட்டிச் சொல்லமுடியாது. நடுவர் எண்ணினால் போதும். அறிவியல் கருவி என்றால் என்ன? நடந்ததை, நடந்தவர்களின் வாயை நம்பாமல், பதிவு செய்வது. அந்த வகையில் ஒரு பிடி சாம்பலும் கருவிதான்.

அடுத்த புதிர்: எத்தனை நுட்பங்கள் கற்பது? நூறு பிடி, நூறு பூட்டு தெரிந்தவன் பத்து தெரிந்தவனைவிடப் பாதுகாப்பானவனா? 1952இல் டபிள்யூ.இ. ஹிக் என்ற ஆங்கிலேய உளவியலாளர் பத்துச் சிறு விளக்குகளையும் பத்துப் பொத்தான்களையும் வைத்துச் சோதித்தார். எரிகிற விளக்குக்கு உரிய பொத்தானை அழுத்தவேண்டும். விளக்குகளின் எண்ணிக்கை கூடக்கூட விரல் தாமதித்தது. ஆனால் அந்தத் தாமதம் ஓர் ஒழுங்கோடு கூடியது. இரண்டு விளக்கு நான்கானால் கூடும் நேரமும், நான்கு எட்டானால் கூடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. அதாவது தெரிவுகள் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் மூளை அதே அளவு வரி வசூலிக்கிறது. பத்தில் ஒரு நொடியில் தலையெழுத்து முடிவாகும் இடத்தில் சிறு வரிகூடப் பெருஞ்சுமை.

பிலிப்பைன்ஸின் எஸ்க்ரிமா என்ற சண்டைக்கலையின் ஆசிரியர்கள் இதற்கு எண்களால் வழி கண்டார்கள். கத்தி எத்தனை விதமாக வந்தாலும் அது வரும் திசைகள் சிலவே: மேலிருந்து சாய்வாக, குறுக்காக, கீழிருந்து, நேராக. ஒவ்வொரு திசைக்கும் ஓர் எண். சில பள்ளிகளில் ஐந்து, பலவற்றில் பன்னிரண்டு. ஆயுதம் எது, எதிராளி யார் என்று மாணவன் பார்க்கவேண்டாம். எண்ணைப் பார்த்தால் போதும். பழகுவதோ பிரம்பில். எண்ணற்ற தாக்குதல்கள் ஒரு சிறு கணக்குக்குள் சுருங்கிவிட்டன.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கமாண்டோக்களுக்கு வாத்தியாராக வந்த டபிள்யூ.இ. ஃபேர்பேர்ன் இன்னும் கஞ்சத்தனம் பிடித்தவர். ஷாங்காய் நகரப் போலீஸில் பல்லாண்டு வேலைபார்த்துத் தெருச்சண்டைகளைக் கண்டவர். கையில் கிடைத்த ஆள்களோ கைச்சண்டையில் பயிற்சியில்லாதவர்கள். இருந்த காலமும் கொஞ்சம். எனவே சில எளிய, பெரிய அசைவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்தார். காரணம் உடம்பிலேயே இருக்கிறது. பயம் வந்ததும் அட்ரினலின் இரத்தத்தில் பாய்கிறது, இதயம் படபடக்கிறது, தொடைக்கும் தோளுக்கும் இரத்தம் அதிகம் போகிறது, விரல் நடுங்குகிறது. பதற்றத்தில் வீட்டுச் சாவியைப் பூட்டுக்குள் நுழைக்கமுடியாமல் தவித்த எவருக்கும் இது தெரியும். நுணுக்கமான விரல்பிடியை அந்த நேரத்தில் எதிர்பார்ப்பது வீண். காலை எடுத்துப் பக்கவாட்டில் வைக்கும் பெரிய அசைவு மட்டும் அப்போதும் கைகொடுக்கும்.

அப்படியானால் வருடக்கணக்கில் சிலம்பம் பழகுவது வீணா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். ஹிக்கின் வரி எப்போதும் வசூலாவதில்லை. ஒரே செயலைப் பல்லாயிரம் முறை செய்தவரிடம் இரண்டு தெரிவுக்கும் நான்கு தெரிவுக்கும் இடையிலான நேர வித்தியாசம் கரைந்துவிடுகிறது என்று ஐம்பதுகளின் இறுதியில் வந்த சோதனை காட்டியது. மூளையின் பின்பக்கம் கீழே ஒரு கைப்பிடி அளவில் இருக்கும் சிறுமூளை, திரும்பத் திரும்பச் செய்த அசைவை ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. பிறகு யோசனைக்கு இடமில்லை. பாதம் போய்விடும்.

அனுபவசாலிக்கு இன்னொரு கொடையும் உண்டு. மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்து மட்டைக்கு வர ஏறக்குறைய அரை நொடிதான் ஆகிறது. பந்தைப் பார்த்துத் தீர்மானிக்க நேரம் போதாது. பேட்ஸ்மேன் பந்து கையை விடுமுன்பே தோளையும் மணிக்கட்டையும் படித்துவிடுகிறார். சிலம்பத்திலும் கம்பு முனையைப் பார்க்காதே, ஆளைப் பார் என்பார்கள். கண்ணின் ஓரப்பகுதி எழுத்துப் படிக்க உதவாது. அசைவைப் பிடிப்பதில் கெட்டி. நெஞ்சின்மேல் பார்வையை வைத்தால் இரண்டு தோளும் இரண்டு காலும் அந்த ஓரத்துக்குள் வந்துவிடும்.  

அவகாசம் எவ்வளவு என்ற இதே கணக்கைச் சட்டமும் ஏறக்குறையப் போடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. அரசு அதிகாரிகளிடம் பாதுகாப்புத் தேட அவகாசம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. ஆயுத விதிகளோ ஒன்பது அங்குலத்தைத் தாண்டிய, அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான கத்தியைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. ஆனால் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்த கத்திக்கு விலக்கு உண்டு.

இந்த விலக்குக்குள்தான் மீன் வெட்டும் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அரிவாள்மனையில் கத்தி அசைவதில்லை, மீன்தான் அசைகிறது. மனைக்கட்டையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் மடவை மீனைப் பிடித்து விளிம்பின்மேல் இழுக்கிறார்கள். நேராக அழுத்துவதைவிட இழுத்து அறுக்கும்போது தேவைப்படும் விசை குறைவு. தக்காளியை நறுக்கியவருக்கு இது தெரியும். கூர்மையின் முழுப் பலனும் கைக்கு வருகிறது, விளிம்பு எங்கே இருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் ஒருபோதும் வருவதில்லை. ஏனென்றால் அது காலடியில் கட்டுண்டு கிடக்கிறது.

பயிற்சி என்ற பெயரில்லாத பயிற்சி ஒன்றும் நம் வீடுகளில் நடக்கிறது. கத்தியைக் கையில் நீட்டினால் பாட்டி வாங்கமாட்டார். "கீழே வை, எடுத்துக்கிறேன். கையில குடுத்தா சண்டை வரும்." சண்டை வருமோ வராதோ, ஒரே நேரத்தில் இரண்டு கை ஒரு கூர்விளிம்பில் இருக்கும் அந்த ஆபத்தான அரை நொடி இல்லாமல் போகிறது. கடைசி மீனை அறுத்துக் கழுவி முடித்ததும் அரிவாள்மனையையும் நிற்கவிடமாட்டார்கள். சாய்த்துப் படுக்கவைத்து, விளிம்பைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.