பதவி வரம்பும் வாக்காளர் மனமும்

அமெரிக்காவின் இரு பெரும் கட்சி ஆதரவாளர்களும் ஒத்துப்போகும் விஷயங்கள் அரிது. காங்கிரஸ் உறுப்பினர்களின் பதவிக்கு வரம்பு வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 2023இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில் 87% பேர் இதை ஆதரித்தனர். ஆனாலும், வரம்பு வரவில்லை.

23 மாநிலங்கள் விதித்த வரம்புகளை 1995இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற தீர்ப்பில் செல்லாதவை ஆக்கியது. எஞ்சிய வழி அரசமைப்புத் திருத்தம். அதே ஆண்டு பிரதிநிதிகள் அவையில் அதற்கு 227 வாக்குகள் கிடைத்தன; மூன்றில் இரண்டு பங்குக்கு அது போதவில்லை. தம் பதவியைத் தாமே சுருக்கிக்கொள்ளுமாறு கேட்டால் யார்தான் இசைவார்கள்?

பழியை உறுப்பினர்கள் மீது மட்டும் சுமத்த நான் விரும்பவில்லை. மீண்டும் போட்டியிடும் பிரதிநிதிகளில் பெரும்பாலான தேர்தல்களில் 90%க்கு மேற்பட்டோர் வெல்கிறார்கள். அவையை வெறுக்கும் வாக்காளரே தம் தொகுதிக்காரரைத் திரும்ப அனுப்புகிறார். வரம்பு வந்தால் அனுபவசாலிகள் வெளியேற, செல்வாக்குத் தரகர்களின் கை ஓங்கும் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு.

எனவே, 87% என்பதைச் சட்டத்துக்கான வரைவாக நான் கருதவில்லை. நம்பிக்கை இழப்பின் அளவாகவே காண்கிறேன். தொகுதி வரையறையும் தேர்தல் நிதியும் நேர்மையாகாமல் முகங்கள் மட்டும் மாறினால், அந்த இழப்பு ஈடாகாது.