ஓயாத ஒலி, ஓயாத கவலை

ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பும் குழந்தையை அதட்டி அடக்குவதா, அப்படியே விட்டுவிடுவதா? இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதைப் பெற்றோர்கள் மெல்லக் கண்டுகொண்டு வருகிறார்கள்.

காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கும் அந்த "ஈ... ஈ... ஈ" இரவு தூக்கம் வரும்வரை நிற்பதில்லை. சில வீடுகளில் அது அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமல். சில வீடுகளில் கண்ணாடி உடைவதுபோல் ஒரு கீச்சுக் குரல். இன்னும் சிலவற்றில் ஏதோ ஒரு டிவி விளம்பரத்தின் ஒரே வரி. அல்லது மெட்ரோ ரயில் அறிவிப்பு, அறிவிப்பாளரின் அதே ஏற்ற இறக்கத்தோடு, நூறு தடவை. தில்லியின் நெருக்கமான குடியிருப்புகளிலும் மும்பையின் ஒற்றைப் படுக்கையறை வீடுகளிலும் சுவர்கள் மெல்லியவை. ஒலி பக்கத்து வீட்டுக்கும் போகிறது. முதலில் வருவது அக்கறையான விசாரிப்பு. பிறகு முணுமுணுப்பு. அதற்குப் பிறகு, "குழந்தையைக் கொஞ்சம் கண்டிக்கக் கூடாதா?"

கண்டித்துப் பார்க்காத பெற்றோர் இல்லை. கெஞ்சியும் பார்த்திருப்பார்கள். சாக்லேட்டைக் காட்டியிருப்பார்கள். ஓரிரு முறை கை ஓங்கிவிட்டு, இரவெல்லாம் தூங்காமல் கிடந்திருப்பார்கள். சத்தம் மட்டும் குறைந்திருக்காது.

இதற்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயர் குரல்வழி ஸ்டிம்மிங். தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும் நடத்தை என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, சுற்றிச் சுற்றி வருவது ஆகியவை உடல் வழி. முனகல், கீச்சிடல், நாக்கைச் சொடுக்குதல், ஒரே சொல்லை ஓயாமல் சொல்லுதல் குரல் வழி. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது அதிகம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளையும் பேச்சையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் இந்த ஓர் அறிகுறியை மட்டும் வைத்து யாருக்கும் ஆட்டிசம் என்று சொல்லிவிட முடியாது. மழலைப் பருவத்தில் எல்லாக் குழந்தைகளும் குரலோடு விளையாடுகிறார்கள். வளர்ச்சி தாமதமான குழந்தைகளிடமும் பார்வையற்ற குழந்தைகளிடமும் இத்தகைய பழக்கங்கள் உண்டு.

பெரியவர்கள் மட்டும் என்னவாம்? மீட்டிங்கில் பேனாவை டிக் டிக்கென்று அழுத்துவதும், நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டுவதும், குளிக்கும்போது பாட்டு முனகுவதும் இதே வகைதான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. நிறுத்த நினைத்தால் நிறுத்த முடிகிறதா என்பதிலும் இருக்கிறது.

ஏன் இந்தச் சத்தம்?

காரணம் ஒன்றல்ல. வெளி உலகின் இரைச்சல் தாங்க முடியாமல் போகும்போது, தன் குரலாலேயே அதற்கு ஒரு திரை போட்டுக்கொள்ளும் குழந்தை உண்டு. மிக்ஸி எப்போது அலறும் என்று அதற்குத் தெரியாது. தன் குரல் எப்போது வரும், எப்படி வரும் என்று தெரியும். அந்த நிச்சயம் அதற்கு ஆறுதல். சந்தோஷம் பொங்கும்போது கீச்சிடும் குழந்தை உண்டு. காத்திருக்க முடியாமல் முனகும் குழந்தை உண்டு. தொண்டையிலும் மார்பிலும் ஏற்படும் அதிர்வு பிடித்துப்போய், அதற்காகவே ஒலி எழுப்பும் குழந்தையும் உண்டு.

குழந்தைகள் சொல்ல முடியாததை வளர்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் பிரிட்டனில் பேட்டி கண்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், கொந்தளிக்கும் உணர்ச்சிகளையும் அளவுக்கு மீறிய புலன் தாக்குதலையும் சமாளிக்க ஸ்டிம்மிங் உதவுவதாக அவர்கள் விளக்கினார்கள். அதை வலுக்கட்டாயமாக நிறுத்தும் சிகிச்சைகளை அவர்கள் விரும்பவில்லை. மற்றவர்கள் முறைப்பார்கள் என்ற பயத்தில் அடக்கிக்கொள்வதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

பெற்றோர் சங்கடத்தின் மையம் இதுதான். வீட்டையே பாடாய்ப்படுத்தும் அந்த ஒலிதான் குழந்தையை நிலைநிறுத்தி வைத்திருக்கிறது.

பழி சுமந்த தாய்மார்கள்

ஆட்டிசத்தைத் தனி நிலையாக முதலில் விவரித்தவர் அமெரிக்காவில் பணியாற்றிய டாக்டர் லியோ கேனர். 1943-இல் அவர் எழுதிய கட்டுரையில் இடம்பெற்ற 11 குழந்தைகளில் பலர், கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்பவர்கள். அடுத்த இருபதாண்டுகளில் பழி தாய்மார்கள் மேல் விழுந்தது. பாசமற்ற 'ஐஸ்பெட்டித் தாய்' தான் காரணம் என்ற கருத்தை புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் பரப்பினார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை உடைத்தது. ஆனால் அதே பத்தாண்டில் கலிஃபோர்னியாவில் ஐவார் லோவாஸ், ஸ்டிம்மிங்கைப் போக்க அறையவும் மின் அதிர்ச்சி கொடுக்கவும்கூடத் தயங்கவில்லை. அந்த முறைகள் பின்னர் கைவிடப்பட்டன. ஆனால், சத்தத்தை நிறுத்தினால் குழந்தை சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பல ஆண்டுகள் நீடித்தது.

இந்தியாவில் விழிப்பு பெற்றோர்கள் வழியாகவே வந்தது. ஆட்டிசம் உள்ள மகனை வளர்த்த மேரி பருவா, 1991-இல் தில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். தாயோ தந்தையோ குழந்தையுடன் சேர்ந்தே வந்து பயிலும் பயிற்சி அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 1999-இல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் அதை அங்கீகரித்தது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊனங்களின் பட்டியலை ஏழிலிருந்து 21 ஆக விரித்தபோது ஆட்டிசமும் அதில் சேர்ந்தது.

சட்டம் மாறினாலும் உறவினர்களின் வாய் மாறவில்லை. "இவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று ஆறுதல் சொல்லும் பாட்டிகள் வட இந்தியாவிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. அந்த ஆறுதலிலேயே இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். பிறகு நேர்த்திக்கடன், தாயத்து, மந்திரிப்பு. கடைசியில், "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்ற தீர்ப்பு. அமெரிக்காவில் அறுபதாண்டுகளுக்கு முன் செல்லாக்காசாகிப்போன குற்றச்சாட்டு, இங்கே கல்யாண மண்டபத்துப் பந்தியில் இன்றும் பரிமாறப்படுகிறது.

முதலில் டாக்டர், பிறகு டைரி

சத்தத்தைக் குறைக்க நினைக்கும் முன், அது ஸ்டிம்மிங்தானா என்று பார்க்க வேண்டும். பேசத் தெரியாத குழந்தைக்குப் பல் வலித்தாலும், காதில் சீழ் பிடித்தாலும், நாலு நாள் மலச்சிக்கல் இருந்தாலும் சொல்வதற்கு வழி முனகல்தான். திடீரென்று தொடங்கிய அல்லது திடீரென்று அதிகமான சத்தம் என்றால் முதல் வேலை டாக்டரிடம் காட்டுவது. காது கேட்கும் திறனைச் சோதிப்பதும் அவசியம். சத்தம் வரும்போது கண் நிலைகுத்தினாலோ, கூப்பிட்டாலும் தொட்டாலும் உணர்வு இல்லை என்றாலோ வலிப்பு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொண்டையைச் செருமுவதுபோலச் சட்டென்று வெட்டி வரும் ஒலி 'டிக்' என்ற வேறு வகையாகவும் இருக்கலாம்.

அடுத்தது டைரி. எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம், எதனால் நின்றது என்று இரண்டு வாரம் குறித்து வந்தால் பல வீடுகளில் ஒரு ஒழுங்கு தெரிய வரும். குக்கர் விசிலுக்குப் பிறகு, பள்ளியிலிருந்து வந்த அரை மணி நேரம், பசி நேரம், விருந்தாளிகள் வந்த மாலை என்று ஒரு பட்டியல் உருவாகும். காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. விசில் வரும் நேரத்தில் குழந்தையை வேறு அறைக்கு அழைத்துப் போகலாம். காதை மூடும் ஹெட்போன் கொடுக்கலாம். பள்ளி முடிந்து வந்ததும் கேள்வி கேட்காமல் ஊஞ்சலில் விடலாம்.

டிவி வசனத்தையும் பிறர் பேச்சையும் திருப்பிச் சொல்லும் 'எக்கோலேலியா'வை ஒரு காலத்தில் அர்த்தமற்ற உளறல் என்றே கருதினார்கள். 1981-இல் பேரி பிரிஸாண்டும் ஜூடித் டியூக்கனும் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. அந்தத் திருப்பிச் சொல்லலுக்குள் கேட்பது, மறுப்பது, ஆமோதிப்பது என்று பல நோக்கங்கள் இருப்பதை அது காட்டியது. தில்லிக் குழந்தை ஒன்று "பானி சாஹியே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், அது அம்மாவுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று விசாரிக்கவில்லை. தண்ணீர் தரும்போதெல்லாம் தன் காதில் விழுந்த கேள்வியையே தன் தாகத்துக்குச் சொல்லாக்கிக்கொண்டிருக்கிறது. அதட்டினால் அந்த வழி அடைபடும். தண்ணீரைக் கையில் கொடுத்து "எனக்குத் தண்ணி வேணும்" என்று சரியான வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினால் பேச்சு ஒரு படி ஏறும்.

தடை அல்ல, இடம்

அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் சத்தத்தை முழுவதும் ஒழிக்கச் சொல்வதில்லை. அதற்கு ஓர் இடமும் நேரமும் ஒதுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் ஒரு மூலை, மாலையில் மொட்டை மாடி, ஆளில்லாத நேரத்துப் பூங்கா ஆகியவை எவ்வளவு வேண்டுமானாலும் கத்தக்கூடிய இடங்கள். அண்ணன் பரீட்சைக்குப் படிக்கும் அறை மெல்லிய குரலுக்கானது. வார்த்தையில் சொன்னால் புரியாத குழந்தைக்குச் சிவப்பு, பச்சை அட்டைகள் புரியும். பழக்கிவிட மாதக்கணக்கில் ஆகும்.

வாய்க்கும் மூச்சுக்கும் வேறு வேலை கொடுப்பதும் பலன் தருகிறது. சோப்புக் குமிழி ஊதுதல், மவுத் ஆர்கன், உறிஞ்சுகுழாயில் கெட்டியான மோர், மொறுமொறு தின்பண்டம், மென்று கடிப்பதற்கென்றே விற்கும் ரப்பர் பொருள்கள் என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். எது பொருந்தும் என்பது குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். சில பெற்றோர்கள் குழந்தையின் ஒலியைத் தாங்களும் திருப்பி எழுப்புகிறார்கள். குழந்தை ஒரு கணம் நிறுத்தித் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையிலிருந்து விளையாட்டு தொடங்கும்.

தலையிட வேண்டிய கட்டமும் உண்டு. தொண்டை கட்டிப் புண்ணாகும் அளவுக்குக் கத்தினால், தூக்கம் போனால், சாப்பாடும் கற்றலும் நின்றுபோனால், கூடவே தலையை முட்டிக்கொண்டால் தாமதிக்கக் கூடாது. மாத்திரையில் இதற்குத் தீர்வு இல்லை. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற மருந்துகள் கடும் எரிச்சலுக்கும் தன்னைத்தானே காயப்படுத்துவதற்கும் டாக்டர் மேற்பார்வையில் தரப்படுகின்றன, ஸ்டிம்மிங்குக்காக அல்ல. லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஸ்டெம் செல் ஊசியைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022-இல் தெளிவுபடுத்தியது.

உதவி தேடுவோருக்குச் சில அரசு வாசல்கள் உண்டு. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கட்டணமின்றிப் பரிசோதிக்கலாம். நேஷனல் டிரஸ்டின் நிராமயா திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்றிதழ் பெற்றால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. சிறு நகரங்களில் தெரபிஸ்டுகள் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு.

காதுக்கும் ஓய்வு

யாரும் வெளிப்படையாகப் பேசாத விஷயம் ஒன்று உண்டு. பெற்ற குழந்தையின் குரலையே கேட்கப் பிடிக்காமல் போகும் நேரங்கள் வரும். அதற்காகக் குற்ற உணர்ச்சியில் வெந்துபோகும் தாய்மார்கள் ஏராளம். நாள் முழுவதும் ஒரே ஒலியைக் கேட்டால் எந்தக் காதும் சலிக்கும், எந்த நரம்பும் முறுக்கேறும். இதற்கும் பாசத்துக்கும் சம்பந்தமில்லை. காதில் பஞ்சோ இயர் பிளக்கோ வைத்துக்கொண்டு குழந்தையின் பக்கத்தில் இருப்பது, காதைத் திறந்து வைத்துக்கொண்டு எரிந்து விழுவதைவிட மேல். ஆபீஸிலிருந்து வரும் அப்பா ஒரு மணி நேரம் பொறுப்பேற்றால் அம்மா கோவிலுக்கோ கடைத்தெருவுக்கோ தனியாகப் போய்வரலாம். கூட்டுக் குடும்பத்துக்கு இன்னும் மிச்சமிருக்கும் லாபம் இந்த முறை மாற்றுதான். கூடப்பிறந்தவர்களுக்கும் விளக்கம் தேவை. "தம்பி வேணும்னு பண்ணலை" என்ற ஒரு வாக்கியம் பெரிய குழந்தையின் கோபத்தைப் பாதியாகக் குறைக்கும்.

மிச்சப் பாரம் வெளியில் இருப்பவர்களுடையது. 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில், பதற்றமடைந்திருந்த மாற்றுத்திறன் சிறுவன் ஒருவனை விமானத்தில் ஏற்ற ஒரு தனியார் நிறுவனம் மறுத்தது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது என்று அதே ஆண்டு விதியும் திருத்தப்பட்டது. பேருந்துக்கும் சினிமா தியேட்டருக்கும் அடுக்குமாடி லிஃப்டுக்கும் அப்படி அபராதம் போட ஆளில்லை. அங்கே சக மனிதர்களின் பொறுமைதான் விதி.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். அவர்களில் கணிசமானோர் பேச்சு மிகக் குறைவாகவே வரப்பெற்றவர்கள். அந்தக் குழந்தைகளுக்குத் தொண்டையில் வருவதெல்லாம் இந்த ஒலிகள்தான். அதில் சந்தோஷத்தின் கீச்சு எது, பயத்தின் முனகல் எது என்று பிரித்தறியும் பெற்றோர், இன்னும் சொல்லாக மாறாத ஒரு மொழியைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டால் அதைக் கற்க வேறு வழி கிடையாது.