மின்பட்டியலில் ஒரு வரி

பாடன் நகருக்கு அண்மையில், ஆரே ஆற்றங்கரையில் அமைந்துள்ள பெட்ஸ்னாவ் அணுமின் நிலையம் 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதன் இரு உலைகளும் 2032, 2033ஆம் ஆண்டுகளில் நிறுத்தப்படும் என அக்ஸ்போ நிறுவனம் 2024இல் அறிவித்தது. அவ்விடத்தை எது நிரப்பும்?

ஞாயிறு, காற்று, நீர் ஆகியவற்றால் பெறும் மின்சாரத்தைப் பெருக்கும் சட்டத்தை 2017 மே 21இல் வாக்களித்தோருள் 58 சதவீதத்தினர் ஏற்றனர். 2018 முதல் இல்லங்கள் நுகரும் ஒவ்வோர் அலகு மின்சாரத்துக்கும் 2.3 ராப்பன் அறவிடப்பட்டு, இதற்கான நிதியத்தைச் சேர்கின்றது.

அந்நிதியை வழங்க இரு வழிகள் கையாளப்பட்டன. 2009இல் தொடங்கிய முதலாவது வழி, உற்பத்தியாளருக்குப் பல்லாண்டுகளுக்கு நிலையான விலையை உறுதிசெய்தது. அது நம்பிக்கை தந்தது. எனினும் சுமை ஆண்டுதோறும் நீண்டது, விண்ணப்பித்தோர் நெடுங்காலம் காத்திருந்தனர். இரண்டாவது வழி, கூரையிற் சூரியத் தகடு பொருத்தும் செலவில் ஒரு பகுதியை ஒரே தடவையில் வழங்குவது. இதனால் அதே நிதி பலரைச் சென்றடைகின்றது.

இத்தொகையைக் குடியுரிமை உடையவரும் இல்லாதவரும் ஒருங்கே செலுத்துகின்றனர். வாக்களிப்போர் குடிமக்கள் மட்டுமே. நாளை வாக்குரிமை பெறவிருக்கும் எம் பிள்ளைகள், மின்பட்டியலின் அந்த ஒரு வரியை இன்றே வாசித்தறிதல் நன்று.