கோலார் தந்த பயில்வான்: கே.வி.ஐயர்

தங்க வயல் என்றதும் நம்மவர்கள் நினைவுக்கு வருவது சுரங்கமும், சயனைடு மேடுகளும், ஷிப்டுக்கு ஊதும் சங்கும்தான். அதே கோலார் மாவட்டத்தில், முல்பாகல் பக்கத்துத் தேவராயசமுத்திரத்தில், 1897-இல் பிறந்த ஒருவர் உடம்பை வளர்ப்பதையே தொழிலாகக் கொண்டு வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை பெயர் பெற்றார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தான் கே.வி.ஐயர், அதாவது கோலார் வெங்கடேச ஐயர். 'ஐயர்' என்றிருப்பதால் உடனே நம்மவர் என்று உரிமை கொண்டாடிவிட வேண்டாம்! அவர் எழுதியதெல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான். ஆனாலும் அவர் கதையில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு.

அந்தக் காலம் அப்படிப்பட்டது. ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த செக் மக்கள் 1862-இலேயே பிராக் நகரில் 'சோகோல்' என்ற உடற்பயிற்சி இயக்கத்தைத் தொடங்கி, அதன் வழியே தேசிய உணர்வையும் வளர்த்தார்கள். பளு தூக்கி உலகப் புகழ் பெற்ற யூஜின் சாண்டோ 1905-இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். ஆளப்படுகிறவனின் உடம்பு நோஞ்சான் உடம்பு என்று வெள்ளைக்காரன் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

ஐயர் 1922-இல் பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் 'ஹெர்குலிஸ் ஜிம்னேசியம்' என்று பெயர் பெற்றது அதுதான். கிரேக்கச் சிலைகளைப் போல நின்று அவர் எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் மேல்நாட்டு உடற்பயிற்சிப் பத்திரிகைகளில் வந்தன. தம் அழகைப் பற்றி அவருக்குக் கூச்சமே கிடையாது. தாமே புகழ்ந்து எழுதிக்கொள்வார்! 1930-இல் 'மஸில் கல்ட்' என்ற நூலும், 1936-இல் 'பெர்ஃபெக்ட் பிஸீக்' என்ற நூலும், அடுத்த ஆண்டு சூரிய நமஸ்காரம் பற்றிய நூலும் வெளிவந்தன. நேரில் வர முடியாதவர்களுக்குத் தபால் மூலமும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. எங்கள் பக்கத்துத் தாலிம் கூடங்களில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று ஒரு வழி. யோகாசனம் சாமியார்களுக்கு உரியது என்பது பொது எண்ணம். ஐயர் இரண்டையும் சேர்த்தார். இரும்புக் குண்டுகளையும் கம்பிச் சுருள்களையும் விடத் தம்மை உருவாக்கியது ஹடயோகமே என்று அந்த 1930-ஆம் ஆண்டு நூலிலேயே ஒப்புக்கொண்டார்.

தமிழ் வருவது இங்கேதான். அவரோடு ஊர் ஊராகச் சென்று, அவர் தசைகளைக் காட்டும் மேடையில் ஆசனங்களைச் செய்து காட்டியவர் யோகாசாரியர் சுந்தரம். 1928-இல் யோகப் பயிற்சி பற்றிப் படங்களோடு ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட சுந்தரம், பிறகு 'சுந்தர யோக சிகிச்சை' என்று தமிழிலும் எழுதினார். குடும்பஸ்தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஆசனம் செய்யலாம் என்று தமிழருக்குச் சொன்ன முன்னோடிகளில் அவர் ஒருவர்.

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஐயர் பயிற்சியாலேயே சிகிச்சை அளித்தார். மன்னரின் ஆதரவோடு 1940-இல் பெங்களூரில் அவருடைய 'வியாயாமசாலை' எழுந்தது. இதற்கிடையே நாடகக் குழு வேறு, நாடகாசிரியர் டி.பி.கைலாசத்தோடு நட்பு வேறு! கைலாசம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கன்னட நாடகத்துக்குப் புதுவழி காட்டியவர். படிப்பால் நிலவியல் நிபுணர். ஹொய்சள அரசியைப் பற்றி ஐயர் எழுதிய 'சாந்தலா' நாவலைக் கன்னட நண்பர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். 1980-இல் காலமானார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது தங்க வயலில் நம்மவர் நிலை என்ன? வட ஆற்காட்டிலிருந்து வந்த என் தாத்தா சாம்பியன் ரீஃபில் அடிநிலத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. பாறையே அனலாகக் கொதிக்கும். உடற்கட்டு என்றால் அவர்களுடையதுதான் உடற்கட்டு. ஆனால் பாறைத் தூசி உள்ளே இருந்து தின்றது. 1940-களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருந்தது. ஐயர் புகைப்படத்தில் விரித்துக் காட்டிய அதே மார்பு, நூறு கிலோமீட்டருக்குள் இன்னொரு மனிதனுக்கு இருமல் கூடாக இருந்தது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. இருமல் பலரோடு வீடு வந்து சேர்ந்தது.

என் பெரியப்பாவும் அடிநிலத்தில் இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பெங்களூரில் பழைய புத்தகக் கடை ஒன்றில் சுந்தரம் எழுதிய தமிழ் நூலை வாங்கி வந்தார். விடியற்காலையில் லைன் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்துவிடுவார். மூச்சு வாங்கும் நாட்களில் ஒன்றும் செய்யமாட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, மெல்ல இழுத்து, மெல்ல விட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.