உங்களுக்குத் தெரியுமா? பழந்துணியில் நூல்கண்டு!

ஒரு பழைய நூல்புடவையை ஓர் அங்குல அகல நாடாவாகக் கிழித்தால் எவ்வளவு நீளம் வரும்? ஏறக்குறைய 250 மீட்டர்! ஓரத்தில் ஒரு வெட்டு வைக்கத்தான் கத்தரிக்கோல். பிறகு இழை போன போக்கில் நேராகக் கிழியும். முனையில் ஒரு விரல்கடை விட்டுவிட்டு, அடுத்த கிழிசலை எதிர்முனையிலிருந்து தொடங்கினால் முடிச்சே இல்லாத ஒரே நாடா. கால்மிதி, பிரிமனை, சும்மாடு, கூடை எதுவும் பின்னலாம்.

★

பனியனை அக்குளுக்குக் கீழே வெட்டி எடுத்து, நாடாவாக நறுக்கி இழுத்துப் பாருங்கள். ஓரங்கள் தாமே உள்ளே சுருண்டு உருண்டை நூலாகிவிடும். நெய்த துணிக்கு இந்தக் குணம் கிடையாது. பக்கத் தையல் இல்லாத பனியன் கிடைத்தால் விடாதீர்கள்.

★

இந்த நாடாக்களுக்குச் சாயமேற்றுவதில் கல்வராயன் மலைக்கு ஒரு பங்கு உண்டு. அங்கே மலையாளிப் பழங்குடியினர் பொறுக்கிவரும் கடுக்காய், மருந்துக்கும் தோல் பதனிடவும் பேர்போனது. துணிச்சாயத்துக்கும் அதுவே அடிப்படை. கொட்டை நீக்கிய தோலைப் பொடித்து நீரில் கரைத்து, வெளுத்த வேட்டி நாடாக்களை இரவு முழுக்க ஊறவைத்து உலர்த்தினால் இளமஞ்சள் ஏறும். துருப்பிடித்த ஆணிகளும் வெல்லமும் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்த நீரில் அதை முக்கினால் கண்முன்னே கருக்கும். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேரும் வேலை அது. கலம்காரியின் கறுப்புக்கோடும் இப்படிப் பிறப்பதுதான். இரும்பு மிகுந்தால் துணி இற்றுப்போகும்; முக்கியதும் எடுத்து அலசிவிட வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கம் பருத்தி விளைகிறது, மலையில் கடுக்காய் கிடைக்கிறது. மாவட்டத்தின் மகளிர் குழுக்கள் இந்த இரண்டையும் சேர்த்துக் கையில் எடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

★

திருப்பூரின் வெட்டுத்துணிக் கழிவு நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, பஞ்சாகப் பிய்க்கப்பட்டு, மீண்டும் நூலாகிறது. நிறம் ஏற்கெனவே இருப்பதால் புதுச்சாயம் தேவையில்லை. நொய்யலைக் கெடுத்த சாயக்கழிவுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

★

பழைய கம்பளித் துணியைப் பிய்த்து நூற்கும் முறையை 1813-இல் இங்கிலாந்தின் பேட்லி ஊரில் தொடங்கியவர் பெஞ்சமின் லா. இன்று அதில் பெயர் பெற்ற நம் ஊர், ஹரியானாவின் பானிப்பட். ஆனால் பிய்க்கும்போது இழை குட்டையாகிறது, நூலும் முரடாகிறது. கையால் கிழித்த நாடாவிலோ முதலில் நூற்ற நூல் முழுசாக இருக்கிறது. அதனால்தான் வீட்டுப் புடவைக்குக் கைவழியே மேல் என்பேன்.

★

வங்காளத்துக் காந்தா தையலுக்கு நூல் எங்கிருந்து வந்தது? பழம்புடவைக் கரையிலிருந்து உருவிய இழைகள்!

★

அடுப்படிக் கரித்துணி பின்னப் பருத்தி மட்டுமே ஆகும். சூடான பாத்திரத்தில் பாலியெஸ்டர் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். சந்தேகமா? ஓர் இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். அந்தத் துணியைக் கால்மிதிக்கு ஒதுக்கிவிடுங்கள்.