பொன்னில் பதிந்த முகங்கள்

நகைக் கடனுக்காக வரும் அணிகலன்களை எங்கள் கிளையின் நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைக்கும்போது, வேலைப்பாட்டின் அழகை அவர் பொருட்படுத்துவதில்லை. மாற்றும் எடையுமே அவருக்குக் கணக்கு. ரோமானியப் பொற்காசுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

செய்தித்தாள் இல்லாத அக்காலத்தில், ஆள்பவரின் முகத்தைத் தொலைதூர மாகாணங்களுக்கு எடுத்துச் சென்றவற்றுள் காசு முதன்மையானது. ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் உயிரோடிருக்கும்போதே தம் தலையைக் காசில் பொறித்துக்கொண்டார். அது முடியாட்சியின் அடையாளமாகக் கருதப்பட்டது. அவரைக் கொன்றோருள் ஒருவரான புரூட்டஸ், இரண்டே ஆண்டுகளில் தாமும் அதையே செய்தார். ஒரு பக்கம் அவர் முகம். மறுபக்கம் இரண்டு குறுவாள்கள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி. படைக்கு ஊதியம் அளிக்க வேண்டிய நெருக்கடியில் கொள்கை சற்று விலகி நின்றது போலும்!

அகஸ்டஸ் தம் வாரிசுகளான பேரர் இருவரைக் கேடயங்களுடன் காசில் நிற்கவைத்தார். இருவரும் அவருக்கு முன்பே இறந்தனர். நீரோவின் முகமோ காசுகளில் ஆண்டுதோறும் பருத்துவந்தது, காசுதான் இளைத்தது. கி.பி. 64இல் ஒரு ராத்தல் பொன்னுக்கு 45 காசுகள் என அவர் வகுத்ததால், 'ஔரியஸ்' என்னும் அப்பொற்காசின் எடை ஏறத்தாழ 7.3 கிராமாகக் குறைந்தது.

இக்காசுகள் மிளகுக்கும் முத்துக்கும் விலையாகத் தமிழகத்துக்கும் வந்தன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான 501 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டப்பட்டிருந்தது. பொன் தரமானதா என்று சோதிக்க வெட்டியிருக்கலாம் என நாம் எண்ணக்கூடும். அதற்கு விளிம்பில் ஒரு கீறலே போதுமே. தேடித் தேடி முகத்தையே வெட்டியிருப்பதால், அவை இனி நாணயமாகச் செல்லாமல் வெறும் பொன்னாகக் கருதப்பட வேண்டும் என்பதே நோக்கம் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ரசீதில் 'ரத்து' என்று குறுக்குக் கோடிடுவது எங்களுக்கும் பழக்கமான செயல்தானே.

வெட்டுப்பட்ட அக்காசுகளின் படத்தை மதிப்பீட்டாளரிடம் காட்டினேன். நெடுநேரம் உற்றுப் பார்த்த பின் அவர் கேட்டது ஒன்றே:

“ஒரு காசு எத்தனை கிராம், சார்?”